கிழங்கு அழுகுகிறது, கொடி காய்க்கவில்லை: தக்கலைப் பக்கம் எப்படி வளர்ப்பது?

வேளிமலை_அடிவாரம் | அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குமாரகோவிலுக்கும் நடுவில் 9 சென்ட் மனையில் எங்கள் வீடு. முன்பக்கம் செம்மண், பின்பக்கம் கிணறும் நாலு மூடு தென்னையும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று 2 வருடம் ஆகிறது. காலை 2 மணி நேரம் செடிகளோடுதான் போகிறது.

மகள் டொரோண்டோவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், அதில் டேலியாவும் கிளாடியோலஸும் வைக்கிறாள், வேலியில் ஒரு திராட்சைக் கொடி. அங்கே மே மாதம் பாதி கழிந்தால்தான் கிழங்கை மண்ணில் வைக்க முடியுமாம். அக்டோபரில் முதல் உறைபனி விழுந்து இலை கறுத்ததும் தோண்டி எடுத்து, மண்ணை உதிர்த்து, அட்டைப்பெட்டியில் மரத்தூள் போட்டு அடுக்கி நிலவறையில் வைத்துவிடுவாள். இப்படிப் பனி தாங்காத கிழங்குகளை ‘டெண்டர்’ என்கிறாள். திராட்சைக் கொடியை மட்டும் தொடுவதே இல்லை. ஆறு மாதம் பனியில் வெறும் குச்சியாக நிற்கும், வெயில் வந்ததும் துளிர்க்கும். அது ‘ஹார்டி’யாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அவள் அவளுடைய பூவைக் காட்டுவாள், நான் என்னுடையதைக் காட்டுவேன். ஒரே பூ இரண்டு வீட்டு முற்றத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டு, ஜூன் முதல் வாரம் ஆன்லைனில் டேலியா கிழங்கு 4, கிளாடியோலஸ் 10, அமரில்லிஸ் 2 வாங்கினேன்.

மழைக்கு முன்னால் வைத்தால் நன்றாக வேர் பிடிக்கும் என்று கிளாடியோலஸையும் 2 டேலியாவையும் முற்றத்து மண்ணிலேயே வைத்தேன். மீதி 2 டேலியாவும் அமரில்லிஸும் தொட்டியில். ஆனியும் ஆடியும் சாரல் விடவே இல்லை. தரையில் வைத்த டேலியா இரண்டும் முளைத்து ஒரு சாண் வந்தபிறகு, தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிட்டன. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாக இருந்தது, நாற்றம் வேறு. தொட்டியில் உள்ள இரண்டும் ஒன்றரை அடி வந்திருக்கின்றன, மொட்டு இல்லை. கிளாடியோலஸ் 7 முளைத்து 3 பூத்தது, அதுவும் தண்டு வளைந்து. இப்போது அதன் இலை நுனியிலிருந்து மஞ்சளாகி வருகிறது. அமரில்லிஸில் இலை மட்டும்தான், வாள் வாளாக நிற்கிறது.

மாமியார் 30 வருடத்துக்கு முன் கிணற்றடியில் வைத்த மழை லில்லியும் ஃபுட்பால் லில்லியும் மட்டும் யாரும் கவனிக்காமலே பூத்துக்கொண்டிருக்கின்றன. ஃபுட்பால் லில்லி, சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், இலைகூட இல்லாமல் மண்ணிலிருந்து சிவப்புப் பந்தாக எழும்பும்.

கொடி விஷயமும் சரியில்லை. 2 வருடத்துக்கு முன் நர்சரியில் விதையில்லாத் திராட்சை என்று கொடுத்த கன்று மட்டுப்பா (மொட்டைமாடி) வரை ஏறிவிட்டது. ஒரு கொத்துகூட இல்லை. இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் திட்டு, கீழே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. பேஷன் ஃப்ரூட் ஒரு மூடு நிற்கிறது, மஞ்சள் பழ வகை. தினமும் இருபது முப்பது பூ விரிகிறது, மறுநாள் எல்லாம் கீழே கிடக்கிறது.

என் கேள்விகள்: மகள் செய்வதுபோல டேலியா, கிளாடியோலஸ் கிழங்குகளை ஐப்பசி மழைக்கு முன் தோண்டி எடுத்துவிட வேண்டுமா? திராட்சையை வைத்திருப்பதா, வெட்டிவிடுவதா? பேஷன் ஃப்ரூட் ஏன் பிடிக்கவில்லை? ஆண்டுக்கு இரண்டு மழை வாங்கும் நம் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

தோவாளை_சம்பங்கி | அக்டோபர் 4

வணக்கம் அக்கா. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூ விவசாயம். பிச்சி, கேந்தி (செண்டுமல்லி), சம்பங்கி எல்லாம் உண்டு. நான் கிழங்கு பற்றி மட்டும் சொல்கிறேன், கொடி எனக்குப் பழக்கமில்லை.

டொரோண்டோவில் கிழங்கைக் கெடுப்பது உறைபனி. நாகர்கோவில் பக்கம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், அதனால் அந்தக் கவலை நமக்கு இல்லை. இங்கே கிழங்கைக் கெடுப்பது வேரடியில் தேங்கும் தண்ணீர். மகள் அக்டோபரில் தோண்டுவது குளிருக்கு முன்னால் காப்பாற்ற. நாம் தோண்டுவதானால் மழைக்கு முன்னால். எனவே மாதத்தைப் பார்த்து ஒட்டுமொத்தமாகத் தோண்ட வேண்டாம், எந்தக் கிழங்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.

கிளாடியோலஸ் இலை மஞ்சளாகிறது என்றால் அது வேலையை முடித்துவிட்டது. அதை இந்த வாரமே தோண்டுங்கள், ஐப்பசி அடைமழை வரை விடாதீர்கள். எடுத்துப் பார்த்தால் நீங்கள் நட்ட பழைய கிழங்கு சூம்பி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் தலைமேல் புதுக்கிழங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். பழையதைத் திருகினால் கழன்று வந்துவிடும், அதைத் தூரப் போடுங்கள். சுற்றிலும் கடுகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவில் குஞ்சுக் கிழங்குகள் இருக்கும். அவை பூக்க 2 வருடம் ஆகும், வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கிழங்கைச் சுளவில் (முறத்தில்) பரப்பி நிழலில் 2 வாரம் காயவிடுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது. உள்ளியைக் காயவைப்பதுபோலக் காற்றுப் பட்டால் போதும்.

டேலியாவைத் தோண்டவே வேண்டாம். அது இப்போதுதான் வளருகிற பருவத்தில் இருக்கிறது. இரண்டு தொட்டியையும் மழைத்தண்ணீர் விழாத, ஆனால் காலை வெயில் படுகிற இறவாணத்துக்கு (கூரைச் சரிவின் அடிக்கு) மாற்றுங்கள். டேலியாவுக்குச் சூடு ஆகாது. நம் ஊரில் அதற்குத் தோதான நாட்கள் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைதான். நுனியை இப்போது ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வந்து மார்கழியில் மொட்டு வைக்கும். பூத்து முடிந்து மாசி, பங்குனியில் வாடும்போது தண்ணீரை நிறுத்தி, கிழங்கை அதே தொட்டி மண்ணுக்குள்ளேயே விட்டு, தொட்டியைச் சாய்த்து நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெளியே எடுத்து வைத்தால் சுருங்கிச் சுள்ளியாகிவிடும். மாதம் ஒரு தடவை மண்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

பின்னால் பிரித்து நடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். டேலியாவில் முளைக்கண் கிழங்கின் உடம்பில் இல்லை, பழைய தண்டோடு சேரும் கழுத்தில்தான் இருக்கும். கழுத்துத் துண்டு ஒட்டாமல் விரல்போலத் தனிக்கிழங்கை எடுத்து எத்தனை நாள் வைத்தாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு நினைப்பில் வெட்டி ஏமாறுகிறவர்கள் நிறைய.

அமரில்லிஸுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, அதுதான் பூக்கவில்லை. கார்த்திகை வரை வளரட்டும். மார்கழி பிறந்ததும் தண்ணீரை நிறுத்தி, தை, மாசி இரண்டு மாதமும் தொட்டியைக் காயப்போடுங்கள். பங்குனியில் மறுபடி தண்ணீர் காட்டினால் தண்டு எழும்பும். கிழங்கின் மேல் பாதி மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும், முழுக்கப் புதைத்திருந்தால் கழுத்தில் தண்ணீர் நின்று அழுகும். உங்கள் கிணற்றடி ஃபுட்பால் லில்லியும் இதையேதான் தானாகச் செய்கிறது. மார்கழியில் இலை காய்ந்து, நாலு மாதம் மண்ணுக்குள் தூங்கி, கோடை மழையில் எழும்புகிறது. மாமியார் வைத்த இடமும் நல்ல மேடாக இருக்கும், போய்ப் பாருங்கள்.

எனக்குக் கேட்டால் முற்றத்து மண்ணில் சம்பங்கி வைக்கச் சொல்வேன். டேலியா போலவே மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் சூட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும், அதன் பக்கத்தில் வரும் குட்டிகள் அடுத்தடுத்துப் பூக்கும். அதனால் ஒரு தடவை வைத்தால் 2, 3 வருடம் தோண்ட வேண்டியதில்லை. கிழங்கு பெரிய கோலிக்குண்டு அளவாவது இருக்கவேண்டும். சின்னது முதல் வருடம் இலையோடு நின்றுவிடும். பக்கத்தில் நாலு கேந்தி வையுங்கள், வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு குறையும். சாயங்காலம் விரியும்போது வாசம் தெரு வரை வரும்.

ரப்பர்விளை_குலசேகரம் | அக்டோபர் 5

தோவாளைத் தம்பி சொன்னதில் பெரும்பாலும் சரி. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பங்கியை 2, 3 வருடம் தோண்டாமல் விடலாம் என்பது ஆரல்வாய்மொழிக் காற்று வீசுகிற உங்கள் பக்கத்துக்குப் பொருந்தும். நானும் அப்படி விட்டுப் பார்த்தேன். பேச்சிப்பாறை மலையில் மேகம் கட்டினால் எங்களுக்கு மழை. இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை) உண்டு, துலாமழையும் (ஐப்பசி மழை) உண்டு. இரண்டாம் வருடம் பாதிக் கிழங்கு போய்விட்டது. அதிலிருந்து ஆண்டுதோறும் மாசியில் தோண்டி, குட்டி பிரித்து, கடவத்தில் (ஓலைப்பெட்டியில்) போட்டு ஒரு மாதம் அடுக்களைப் பரணில் வைத்துவிட்டுத்தான் நடுகிறேன். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் கிழக்கும் மேற்கும் வேறு நாடு மாதிரி. தக்கலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, தங்கச்சி. ஒரு பாத்தியை விட்டுப் பாருங்கள், ஒரு பாத்தியைத் தோண்டிப் பாருங்கள்.

பேஷன் ஃப்ரூட் விஷயம் நான் சொல்கிறேன். எங்கள் விளையில் ரப்பருக்கு ஓரமாக 11 மூடு நிற்கிறது.

உங்களிடம் ஒரு மூடுதான் இருக்கிறது என்கிறீர்கள். குறை அங்கேதான். மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு மூட்டுப் பூவின் தூள் வேண்டும். அதே கொடியிலிருந்து கம்பு வெட்டி வைத்து 5 மூடு ஆக்கினாலும் பயனில்லை, எல்லாம் ஒரே செடிதான். விதையில் முளைத்த வேறு கன்று வேண்டும். மலைப்பக்கம் வைக்கிற ஊதா வகைக்கு இந்தப் பாடு இல்லை, ஒற்றையாக நின்றாலே காய்க்கும். ஆனால் தாழ்ந்த இடத்துச் சூட்டில் அதற்கு வாடல் நோய் வரும்.

அடுத்தது வண்டு. மார்த்தாண்டம் தேன் பேர் போனது, எங்கள் ரப்பர் காடுகளிலும் மாசியில் தளிர் விடும்போது தேன்பெட்டி வைப்பார்கள். ஆனால் அந்தத் தேனீக்களால் இந்தப் பூவுக்கு ஆகாது. பூ பெரியது, தேனீ சின்னது. தூளை மட்டும் திருடிக்கொண்டு போய்விடும். முதுகு பூவின் உச்சியில் உரசுகிற அளவுக்குப் பெரிய கருவண்டு வேண்டும், காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருக்குமே, அது. பந்தல் காலுக்கு உலர்ந்த மூங்கிலையோ பட்டுப்போன முருங்கைக் கட்டையையோ விட்டுவையுங்கள். சுத்தம் பார்த்து எடுத்து எரித்துவிடாதீர்கள்.

வண்டு வரும்வரை கையால் செய்யலாம். மஞ்சள் வகை உச்சிவேளையில்தான் விரியும். விரிந்து ஒரு மணி நேரம் போனால் நடுவில் இருக்கிற மூன்று குமிழும் கீழே வளைந்து வரும். அப்போது வேறு மூட்டுப் பூவைப் பறித்து வந்து, அதன் தூளை இந்த மூன்றிலும் தடவவேண்டும். குமிழ் வளையாமல் நிமிர்ந்தே நிற்கிற பூ பிடிக்காது, அதை விட்டுவிடுங்கள். தடவிய பின் 2 மணி நேரம் மழை படக்கூடாது, நனைந்தால் தூள் வெடித்துப் போகும். ஐப்பசி மழை பிற்பகலில்தான் இடித்துக்கொண்டு வரும் என்பதால் இந்த மாதத்தில் பாதிப் பூ வீண். அது உங்கள் தவறல்ல. பிடித்தால் 2 மாதம், கூடினால் 70 நாளில் பழம் தானாகக் கீழே விழும். பறிக்க வேண்டாம். விழுந்ததை எடுத்து 3 நாள் வைத்து, தோல் கொஞ்சம் சுருங்கியபின் வெட்டினால் புளிப்பு குறைந்திருக்கும்.

நம் மண்ணுக்கு ‘ஹார்டி’ கொடி வேண்டுமானால் ஆகாசவெள்ளரி வையுங்கள். இதுவும் பேஷன் ஃப்ரூட் சாதிதான். தண்டு நாலு பட்டையாக இருக்கும், காய் ஒரு சாணுக்கு மேலேகூட வரும். பிஞ்சைக் கறி வைக்கலாம், பழுத்தால் சீனி போட்டுச் சாப்பிடலாம். மழையும் வெயிலும் தாங்குகிற கொடி. பூவுக்கு மட்டும் கையால் தூள் தடவ வேண்டிவரும்.

வேளிமலை_அடிவாரம் | அக்டோபர் 5

இருவருக்கும் மிக்க நன்றி. கிளாடியோலஸை இன்று தோண்டிவிட்டேன். தம்பி சொன்னது அப்படியே இருந்தது: பழையது தேய்ந்த காசுபோல அடியில், மேலே உருண்டையாகப் புதியது. நல்லதாக 6 கிடைத்தது. சாம்பலைத் தூவிச் சுளவில் பரப்பியிருக்கிறேன்.

தோவாளைத் தம்பி சொன்னபிறகு கிணற்றடியைப் பார்த்தேன். மாமியார் அந்த இடத்தில் ஓட்டுத்துண்டும் மணலும் போட்டு ஒன்றரை அடி உயர்த்தியிருக்கிறார். இத்தனை வருடம் அது கிணறு தோண்டிய மண் என்றே நினைத்திருந்தேன். அவர் காலமாகி 8 வருடம் ஆகிறது.

கிளாடியோலஸ் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? மகள் தன் நிலவறை 5 டிகிரியில் இருக்கும் என்கிறாள்.

தோவாளை_சம்பங்கி | அக்டோபர் 6

வைக்கலாம் அக்கா, வைப்பதுதான் நல்லது. கிளாடியோலஸ் கிழங்குக்கு உறக்கம் உண்டு, 2, 3 மாதம் குளிர் பட்டால்தான் ஒழுங்காக விழித்து ஒரே சீராக முளைக்கும். உங்களுடையது 10 இல் 3 முளைக்காததற்கும் அது காரணமாக இருக்கலாம். 2 வாரம் காய்ந்ததும் காகித உறையில் போட்டுக் கீழ்த்தட்டில், காய்கறி வைக்கிற இடத்தில் வையுங்கள். உறைகிற தட்டில் கூடாது. பழம் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், முக்கியமாக ஆப்பிளும் வாழைப்பழமும். பழுக்கும்போது வரும் வாயு கிழங்குக்குள் இருக்கிற குருத்தைக் கெடுத்துவிடும். தை பிறந்ததும் நடுங்கள். 4 அங்குல ஆழத்தில் வைத்தால் தண்டு வளையாது. மேலோட்டமாக வைத்ததால்தான் உங்களுடையது சாய்ந்திருக்கும்.

டியூலிப் வாங்கத் தோன்றினால் மட்டும் வேண்டாம். அதற்கு 3, 4 மாதம் கடும் குளிர் காட்டவேண்டும், காட்டிவிட்டு வெளியே எடுத்தாலும் நம் சூட்டில் தண்டு நீளாமல் மண்ணோடு ஒட்டிப் பூத்து 3 நாளில் போய்விடும். அந்தப் பணத்துக்குச் செங்காந்தள் கிழங்கு வாங்குங்கள். கிழங்குக்குக் கிழங்கு, கொடிக்குக் கொடி. இலை நுனியாலேயே வேலியைச் சுற்றிப் பிடித்து ஏறும். நம் மாநிலப் பூ, மழைக்காலத்தில்தான் பூக்கும், மார்கழியில் தானாக அடங்கிவிடும். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் நுனிதான் முளைக்கும், ஒடித்துவிடாமல் நடவேண்டும். கிழங்கிலும் விதையிலும் கொடிய நஞ்சு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வருகிற வீடானால் கைக்கு எட்டாத வேலிப்பக்கம் வையுங்கள், தோண்டினால் கையைக் கழுவுங்கள், அடுக்களைக் கிழங்குகளோடு ஒருபோதும் கலந்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சும் புள்ளி போட்ட புழு அமரில்லிஸிலும் செங்காந்தளிலும் கூட்டமாக வரும். ஒரே இரவில் இலையை நாராக்கிவிடும். மருந்து வேண்டாம், காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும்.

சுருளிப்பட்டி_மகள் | அக்டோபர் 7

அக்கா, திராட்சை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கு, அப்பா 2 ஏக்கர் பன்னீர் திராட்சை (விதையுள்ள வகை) வைத்திருந்தார். கல்யாணமாகி மார்த்தாண்டம் வந்து 14 வருடம் ஆகிறது. இங்கே வீட்டில் ஒரு கொடி வைத்து, 4 வருடம் பாடுபட்டுத்தான் பழம் பார்த்தேன்.

உங்கள் மகள் வீட்டுக் கொடியைப் பனி தூங்கவைத்து எழுப்புகிறது. நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது, விட்டால் வருடம் முழுக்க இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். கவாத்துக் கத்தரிதான் இங்கே அந்தப் பனியின் வேலையைச் செய்யவேண்டும். 2 வருடமாக வெட்டவே இல்லையென்றால் காய்க்காததில் ஆச்சரியமில்லை.

எங்கள் ஊரில் ஒரு தோட்டத்தில் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் பறிப்பு நடக்கும், ஆண்டு முழுக்கப் பழம் இருக்கும். அங்கே மலைமறைவு, காய்ந்த காற்று. அந்தப் பழத்துக்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குமரி மாவட்டத்தில் அந்தக் கணக்கைப் பார்க்கக்கூடாது. இங்கே கிடைப்பது ஒரே ஒரு இடைவெளி: ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதிலிருந்து இடவப்பாதி தொடங்கும்வரை. மார்கழிக் கடைசியில் வெட்டினால் ஏறக்குறைய 4 மாதத்தில், சித்திரையில் பழம். வைகாசி வெட்டு எங்கள் ஊரில் உண்டு, இங்கே அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஆனிச் சாரலில் பூ வந்து பூஞ்சணத்துக்குத்தான் போகும்.

எப்படி வெட்டுவது என்றால், பென்சில் பருமனில் நன்றாக முற்றிப் பழுப்பான கம்பாகப் பாருங்கள். பச்சையாக இருப்பதில் காய் வராது. அந்தக் கம்பில் அடியிலிருந்து 4 கணு விட்டு மேலே வெட்டுங்கள். மீதி இலையெல்லாம் உருவிவிட வேண்டும், மனசு கேட்காது, ஆனாலும் உருவுங்கள். 2 வாரத்துக்குள் குருத்து வரும். பூங்கொத்து குருத்தோடு சேர்ந்தே வரும். முதல் ஐந்தாறு இலைக்குள் கொத்து தெரியாமல் வெறும் பற்றுக்கம்பி மட்டும் வந்தால் அந்தக் கிளையில் இந்த வருடம் இல்லை என்று அர்த்தம். நிழலில் முற்றிய கம்பு அப்படித்தான் ஏமாற்றும். அதனால் மட்டுப்பாவில் 7 அடி உயரத்தில் கம்பிப் பந்தல் கட்டி, இப்போதே கொடியை விரித்துவிடுங்கள். மேலே வெயில் முழுசாகப் படவேண்டும்.

இலையில் நீங்கள் சொல்வது அடிச்சாம்பல் நோய். ஈரம் இருக்கும்வரை போகாது. நோய் பட்ட இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பூஞ்சண மருந்து) அடிக்கவேண்டும், ரப்பர்விளை அண்ணாச்சிக்கு அது கைவந்த கலையாக இருக்குமே?

விதையில்லாத வகை நம் ஈரத்துக்கு லாயக்கில்லை என்பது என் எண்ணம். நர்சரிக்காரர் எதைச் சொல்லிக் கொடுத்தாரோ, ஒரு வருடம் வெட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் பன்னீர்க் கம்பு நான் தருகிறேன், மார்கழியில் என் கொடியும் வெட்டுவேன்.

ரப்பர்விளை_குலசேகரம் | அக்டோபர் 8

போர்டோ கலவை சொல்கிறேன். வீட்டு அளவுக்கு 5 லிட்டர் போதும். துருசு (மயில்துத்தம்) 50 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 50 கிராம். இரண்டரை லிட்டர் தண்ணீரில் துருசை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இன்னொரு இரண்டரை லிட்டரில் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டுங்கள். துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊற்றிக்கொண்டே குச்சியால் கிளறவேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துருசு மிஞ்சியிருக்கிறது, இலை கருகும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடிக்க வேண்டும். மழைக்கு முன்னால் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி அடியுங்கள். ரப்பருக்கும் நாங்கள் இடவப்பாதிக்கு முன்பே செம்பு மருந்து அடித்துவிடுவோம், மழை தொடங்கியபின் அடித்துப் பலன் கிடையாது.

நம் ஆட்கள் நெல்லிலேயே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு மழையை வைத்துத்தான் காலம் பிரித்திருக்கிறார்கள். பூச்செடிக்கும் அந்தக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள் தங்கச்சி.

வேளிமலை_அடிவாரம் | நவம்பர் 2

பேஷன் ஃப்ரூட்டுக்கு ஒரு வழி கிடைத்தது. கோவில் பக்கம் ஒரு வீட்டில் மஞ்சள் வகை விதைக்கன்று நிற்கிறது. அந்த வீட்டு மருமகள் தினமும் நாலு பூ எடுத்துக்கொள்ளச் சொன்னாள். 12 மணிக்குச் சாப்பாட்டு டப்பாவில் ஈரத்துணி விரித்துப் பூவை எடுத்து வந்து, ஒரு மணிக்குமேல் தடவுகிறேன். இதுவரை 9 நாள் தடவியதில் 5 நாள் மழை கெடுத்துவிட்டது. மீதி 4 நாளில் தொட்ட பூக்களில் 14 பிடித்து, இப்போது எலுமிச்சை அளவு வந்திருக்கிறது. பதிலுக்கு என் பூவை அவள் கொடிக்குக் கொடுத்தேன், அங்கேயும் பிடித்திருக்கிறது.

முற்றத்துப் பாத்தியை மண்வெட்டியால் ஒரு அடி உயர்த்தி, அடியில் உடைந்த ஓடும் கதம்பலும் (தேங்காய் மட்டை) போட்டாயிற்று. சம்பங்கி மாசியில் வைக்கிறேன்.

வேளிமலை_அடிவாரம் | ஏப்ரல் 19

உதவி செய்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டேலியா ஒன்று மார்கழி 20 வாக்கில் பூத்தது, அடர்ந்த சிவப்பு, உள்ளங்கை அளவு. மொத்தம் 8 பூ. மற்றது வெளிர்மஞ்சள், 3 பூவோடு நின்றுவிட்டது. அந்த நேரம் மகள் வீட்டில் முழங்கால் வரை பனி. அவள் தன் நிலவறைப் பெட்டியைத் திறந்து கிழங்கைக் காட்டினாள், நான் பூவைக் காட்டினேன். இப்போது என்னுடைய தொட்டிகள் அடுக்களைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன.

கிளாடியோலஸ் 6 கிழங்கையும் தை 3 அன்று நட்டேன். ஆறும் முளைத்தன, 5 பூத்தன, தண்டு நேராக. அமரில்லிஸில் ஒன்று போன வாரம் இரண்டு தண்டு விட்டது, ஒவ்வொன்றிலும் 4 பூ. இன்னொன்று இலையோடுதான் நிற்கிறது. பேஷன் ஃப்ரூட் 14 இல் 11 பழம் விழுந்தது. ரப்பர்விளை அண்ணாச்சி சொன்னபடி தோல் சுருங்கும்வரை வைத்திருந்து வெட்டினேன்.

திராட்சையை ஜனவரி 6 அன்று வெட்டினேன். வெட்டிய அன்று பந்தலைப் பார்க்கவே முடியவில்லை. 12 கம்பில் 5 இல் மட்டும் கொத்து வந்தது, மொத்தம் 7 கொத்து. 2 கொத்தில் மணி உதிர்ந்துவிட்டது. மீதி 5 இப்போது நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே விதை இருக்கிறது. விதையில்லாதது என்று கொடுத்தது பன்னீராகத்தான் இருக்கவேண்டும், சுருளிப்பட்டித் தங்கை இலையைப் பார்த்துச் சொன்னால் தெரியும், படம் போட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி வௌவால் பந்தலைச் சுற்றியது. கொத்துக்குத் துணிப்பை கட்டுவதா, பந்தலுக்கே வலை போடுவதா? துணிப்பை கட்டினால் உள்ளே வியர்த்து மறுபடி பூஞ்சணம் வருமோ என்று பயமாக இருக்கிறது. கோடை மழை ஒன்று 2 நாளுக்கு முன் விழுந்தது, கிணற்றடியில் ஃபுட்பால் லில்லி மூன்று மொட்டு தலையை நீட்டியிருக்கிறது. மகள் கிழங்கு நட இன்னும் 4 வாரம் இருக்கிறதாம்.